தச்சன் மகன் வில்ஹெல்ம் மைபாக்

சென்ற கோடை விடுமுறையில் ஒருநாள் யாம் இராமநாதபுரத்தினின்றும் இராமேசுவரத்திற்குப் பேருந்தேறிச் சென்றோம். உச்சிவேளை. உச்சிப்புளியைக் கடந்து மண்டபத்தை அணுகுங்கால் வண்டியின் முகப்பினின்றும் நீராவி குபுகுபுவென எழலாயிற்று. ஓட்டுநர் வண்டியைச் சாலையோரத்தில் ஒதுக்கி நிறுத்தினார். ரேடியேட்டரின் மூடியை உடனே திறவாது, கந்தைத் துணியொன்றைக் கையிற் சுற்றிக்கொண்டு வெகுநேரம் காத்திருந்தார். நடத்துநர் குடமொன்றை எடுத்துக்கொண்டு நீர் தேடிச் சென்றார். அருகிலிருந்த தோட்டத்துக் கிணற்றுநீர் உவர்ப்புடையது. அதனை ஊற்றினால் உப்பும் சுண்ணமும் படிந்து குழாய்கள் அடைபட்டுப்போம் என்று ஓட்டுநர் அதனை மறுத்துவிட்டார். நிலம் ஒடுங்கி இருமருங்கும் கடல் கிடக்கும் அவ்விடத்தே, எஞ்சினுக்கு ஒரு குடம் நன்னீர் கிட்டாமல் நாற்பதின்மர் வெயிலில் நின்றோம்.

அந்த நேரத்தில் திறந்து கிடந்த முகப்பினுள்ளே யாம் கண்டது ஒரு பலகை. ஓராயிரம் சிறு கண்கள் உடையது போன்றிருந்தது. அன்று மாலை மண்டபத்தில் எம் சிறிய தந்தையாரிடம் அதனைப் பற்றி வினவினோம். அவர் விசைப்படகுகளின் எஞ்சின்களைப் பழுதுபார்க்குந் தொழிலினர். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். எஞ்சின் ஓடும் ஓசையைக் கேட்டே அதன் நோயைச் சொல்லவல்லவர். அக்கண்கள் ஏன் உள என்பதை அவர் தெளிவாக விளக்கினார். முதன்முதல் அதனைச் செய்தவன் யாவன் என்று கேட்டபோது மட்டும், அது வெள்ளைக்காரன் எவனோ செய்தது, பெயரா முக்கியம் என்று சொல்லிச் சிரித்தார்.

பெயரும் முக்கியமே என்று எமக்குத் தோன்றிற்று. இவ்விதழின் தமிழ்ப்பகுதியில் புலவர் சரித்திரமும், போதகர் சரித்திரமும், தேசத்தலைவர் சரித்திரமும் ஆண்டுதோறும் வெளிவருகின்றன. கையிற் கரிபடிந்த ஒருவர்தம் வரலாறு வந்ததாக எமக்கு நினைவில்லை. தமிழ் சிறப்புப் பாடமாகக் கற்கும் யாம் இயந்திர நூலில் வல்லோமல்லேம். பௌதிகப் பகுதி நண்பர்கள் பிழை கண்டவிடத்துப் பொறுத்தருள்க.

ஜெர்மனியின் தென்பாலுள்ள வூர்ட்டம்பர்க் நாட்டிலே, நெக்கர் ஆற்றங்கரையில் ஹைல்புரோன் என்றோர் ஊர் உண்டு. அவ்வூரில் 1846ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 9ஆம் நாள் ஒரு தச்சருக்கு மகனாகப் பிறந்தவர் வில்ஹெல்ம் மைபாக். அவரையுஞ் சேர்த்து உடன்பிறந்தார் ஐவரும் ஆண்மக்களே. குடும்பம் பிழைப்பு நாடி ஸ்டுட்கார்ட் நகருக்குக் குடிபெயர்ந்தது. அங்குத் தாயார் இறந்தார். சிறிது காலத்திற்குள் தந்தையாரும் இறந்தார். பத்து வயதில் வில்ஹெல்ம் தாயும் தந்தையும் இலராயினார்.

இவ்விடத்தே குஸ்தாவ் வெர்னர் என்னும் பெரியாரைப் பற்றிச் சிறிது சொல்லாமல் மேற்செல்லுதல் இயலாது. அவர் லுத்தரன் திருச்சபையில் உதவிக் குருவாக இருந்தவர். விசுவாசம் வாயளவில் நிற்றல் கூடாது, கைத்தொழிலிலே விளங்க வேண்டும் என்பது அவர் கொள்கை. 1840இல் ரைட்லிங்கன் என்னும் ஊரில் ஆதரவற்ற சிறாரை ஏற்றுக்கொண்டு சகோதரர் இல்லம் ஒன்றை நிறுவினார். அச்சிறார் பிறர் இடும் பிச்சையை நம்பி வாழ்தலாகாதென்று, இல்லத்தோடு காகித ஆலையும் இயந்திரத் தொழிற்சாலையும் ஏற்படுத்தினார். ஆலைக்குள் அன்பை ஆட்சிசெய்ய விடுவது அவர்தம் கனவு. திருச்சபை மேலோருக்கும் அவருக்கும் கோட்பாட்டில் வேற்றுமை உண்டாகிக் குருமார் பட்டியலினின்றும் அவர் நீங்க நேர்ந்தது. தொழிற்சாலைகளும் பலகாலம் கடன்சுமையில் தத்தளித்தன. ஆயினும் இல்லத்தின் கதவை அவர் அடைத்தாரில்லை.

நம்நாட்டிலும் இத்தகைய முயற்சிகள் உளவன்றோ? நாசரேத்தில் மர்காஷிஸ் ஐயர் நிறுவிய கைத்தொழிற் பாடசாலையை இவ்விதழ் வாசிப்போர் பலர் அறிவர். இராமநாதபுரத்தில் சுவார்ட்ஸ் ஐயர் பெயர் தாங்கிய பள்ளி உண்டு, அவரும் ஜெர்மானியரே. இராமேசுவரத்தினின்று ரயிலேறி வந்து அப்பள்ளியிற் படித்த படகுக்காரர் மகன் அப்துல் கலாம் பின்னர் விண்கலத் துறையிற் புகழ்பெற்று நாட்டின் குடியரசுத் தலைவராயினார். ஒரு பள்ளி யாரை உருவாக்கும் என்பதை அதனைக் கட்டுவோர் அறியார். வெர்னர் ஐயரும் அறிந்திலர்.

சிறுவன் மைபாக் கோடிழுக்கும் திறத்தைக் கண்ட ஆசிரியர்கள் அவனைத் தொழிற்சாலையின் வரைபட அறைக்கு அனுப்பினர். பகலில் இயந்திரப் படங்கள் வரைதல், மாலையில் ஊர்ப்பள்ளியிற் கணிதமும் ஓவியமும் பயிலுதல் என்று அவன் நாட்கள் கழிந்தன. பல்கலைக்கழகத்தின் வாயிலை அவன் மாணவனாக ஒருநாளும் மிதித்ததில்லை.

1863இல் அத்தொழிற்சாலையை மேற்பார்க்க ஒருவர் வந்தார். அவர் காட்லீப் டைம்லர், வயது இருபத்தொன்பது. வரைபட அறையில் குனிந்திருந்த இளைஞன் பதினேழு வயதினன். அன்று தொடங்கிய நட்பு டைம்லர் இறக்கும்வரை முப்பத்தாறு ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது. டைம்லர் 1869இல் கார்ல்ஸ்ரூஹே நகர்த் தொழிற்சாலைக்குச் சென்றார். சில திங்களில் மைபாக்கும் அங்குச் சென்றார். 1872இல் டைம்லர் கொலோன் நகரை அடுத்த டாய்ட்ஸ் எஞ்சின் தொழிற்சாலைக்கு மாறினார். மைபாக்கும் மாறித் தலைமை வரைபடக்காரரானார். நான்கு அடிகளில் இயங்கும் எஞ்சினை நிக்கோலாஸ் ஆட்டோ அமைத்தது அத்தொழிற்சாலையில்தான், 1876இல். அதனைப் பலவாகச் செய்து விற்றற்கேற்பத் திருத்தியமைத்தவர் மைபாக். 1878இல் பெர்த்தா என்னும் பெண்மணியை மணந்தார். மறுவருடம் கார்ல் என்னும் மகன் பிறந்தான். இம்மகனைப் பின்னரும் காண்போம்.

டைம்லருக்கும் ஆட்டோவுக்கும் மனம் ஒவ்வாமற் போயிற்று. 1882இல் டைம்லர் டாய்ட்ஸை விட்டு, ஸ்டுட்கார்ட்டை அடுத்த கான்ஸ்டாட் என்னும் ஊரில் ஒரு மாளிகை வாங்கினார். அதன் தோட்டத்திற் செடிகள் வளர்க்கும் கண்ணாடி வீட்டைச் சிறிது விரித்துக் கட்டித் தொழிற்கூடமாக்கினார். அங்கே அவரும் மைபாக்கும் கதவைச் சார்த்திக்கொண்டு இரவும் பகலும் பணிசெய்தனர். உள்ளே சுத்தியலும் அரமும் ஒலிக்கக் கேட்ட தோட்டக்காரன், இவர்கள் கள்ளநாணயம் அடிக்கின்றனர் என்று எண்ணிக் காவலரிடம் சொல்லிவிட்டான். காவலர் வந்து சோதித்தபோது அகப்பட்டது இரும்பும் எண்ணெயுமே.

அவர்கள் தேடியது யாது? அந்நாளைய எஞ்சின்கள் பெரியன, கனத்தன, மெல்லச் சுழல்வன. நிலத்தில் நட்டுவைத்து ஆலைகளை இயக்குதற்கே உரியன. சிறியதாய், விரைவாய்ச் சுழல்வதாய், வண்டியிலும் படகிலும் ஏற்றத்தக்கதாய் ஓர் எஞ்சின் வேண்டுமென்பது டைம்லர் எண்ணம். அதனைக் கோடாகவும் உருவாகவும் ஆக்கியது மைபாக்கின் கை. 1885இல் மரச்சட்டத்தாலான ஈருருளி வண்டியொன்றில் அரைக் குதிரைத்திறன் எஞ்சினைப் பொருத்தி ஓட்டினர். 1886இல் நான்குருளிக் குதிரைவண்டி ஒன்றிற் பொருத்தினர். அவ்வாண்டிலேயே நெக்கர் ஆற்றில் படகிலும் பொருத்தினர். பெட்ரோல் வெடித்துவிடும் என்று மக்கள் அஞ்சினமையின், எஞ்சினை மூடி மறைத்து, அது எண்ணெயும் மின்சாரமுங் கொண்டு இயங்குவதென்று டைம்லர் சொல்லிவந்தாராம். பாம்பன் கால்வாயிலும் பாக்கு நீரிணையிலும் இன்று ஓடும் விசைப்படகுகளுக்கு முன்னோடி அந்த ஆற்றுப் படகு என்பதை எம் சிறிய தந்தையார் கேட்டு வியந்தார்.

இனிச் சூட்டின் விஷயத்துக்கு வருவோம். எஞ்சினில் எரியும் எண்ணெயின் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கே சக்கரத்தைச் சுழற்றும் வேலையாகிறது. மற்றொரு பங்கு புகையோடு வெளியேறும். எஞ்சிய பங்கு சிலிண்டரின் சுவரில் ஏறும். அதனை அகற்றாவிடில் எண்ணெய்ப்பசை கருகி, பிஸ்டன் இறுகி, எஞ்சின் பாழாகும். அரைக் குதிரைத்திறன் எஞ்சினுக்குக் காற்றே போதும். திறன் பெருகப் பெருகக் காற்று மட்டும் போதாது, நீர் வேண்டும். சிலிண்டரைச் சுற்றி நீரை நிறுத்தினால் அது கொதித்து ஆவியாய்ப் போகும். அப்படிப் போகவிடுவதே தொடக்க காலத்து மோட்டார் வண்டிகளின் வழக்கம். கார்ல் பென்ஸின் வண்டியும் அத்தகையதே. வழியிலெல்லாம் அதற்கு நீர் வார்க்க வேண்டியிருந்தது.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்த்தோம். 35 குதிரைத்திறன் எஞ்சின் ஒன்று முழுவலிமையோடு ஓடுங்கால், அதே அளவு வெப்பம் நீரில் இறங்குவதாகக் கொண்டு, நீரைக் கொதித்தொழிய விட்டால், மணிக்கு 35 முதல் 40 லிட்டர் வரை நீர் ஆவியாகும். மூன்று குடம்! இராமநாதபுரத்துக் கோடையில் மணிக்கு மூன்று குடம் நன்னீர் குடிக்கும் வண்டியை யார் வைத்துக் காப்பாற்றுவது? சூடேறிய நீரை ஆவியாக விடாமல், அதன் சூட்டைக் காற்றுக்கு ஈந்துவிட்டு, அதே நீரை மீண்டும் எஞ்சினுக்கே அனுப்ப வேண்டும். வழி அதுவே. வண்டியிற் சுமக்கத்தக்க எடையில், அங்குக் கிடைக்கும் சிறு இடத்தில் அதனைச் செய்தல்தான் அரிது.

மைபாக் இவ்வினாவோடு பத்தாண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார். 1889இல் பாரிஸ் நகரக் கண்காட்சிக்கு, ஐஃபல் கோபுரம் எழுந்த அவ்வாண்டில், அவர் அமைத்த இரும்புச் சக்கர வண்டி சென்றது. அதன் உடற்சட்டம் பொள்ளலான குழாய்களாலானது. எஞ்சினைக் குளிர்விக்கும் நீர் அக்குழாய்களினூடே ஓடி வந்தது. வண்டியைத் தாங்கும் எலும்பே அதன் நீர்வழியும் ஆயிற்று. ஒரு பொருளை இருவேலைக்கு உரித்தாக்கும் இச்சிக்கனம் அனாதை இல்லத்திற் கற்றதோ என எண்ணத் தோன்றுகிறது. இஃது எம் ஊகமே.

1890 நவம்பரில் டைம்லர் பெயரால் கம்பெனி ஒன்று கான்ஸ்டாட்டில் எழுந்தது. பணம் போட்டவர்கள் வேறு. வேலை செய்தவர்கள் வேறு. மைபாக்குக்கு அவர்கள் கொடுக்க முன்வந்த உடன்படிக்கை அவருடைய தகுதிக்கு ஒவ்வாதது. ஆதலின் சில திங்களிலேயே, 1891 பிப்ரவரியில், அவர் விலகிக்கொண்டார். டைம்லரும் கம்பெனியாரோடு பிணங்கியே இருந்தார். அவர் தம் கைப்பொருளைக் கொடுத்து மைபாக்கைத் தாங்கினார். கான்ஸ்டாட்டில் ஹெர்மன் ஹோட்டல் என்னும் விடுதி மூடப்பட்டுக் கிடந்தது; அதன் பெருங்கூடத்தை வாடகைக்கெடுத்து, பன்னிரு தொழிலாளரையும் ஐந்து பயிலுநரையும் வைத்துக்கொண்டு மைபாக் தனியே பணிசெய்தார். பெட்ரோலை நுண்துளி வழியே சிதறச்செய்து காற்றோடு கலக்கும் கார்புரேட்டரை அங்குத்தான் 1893இல் அமைத்தார். அவ்விடுதிக்கூடத்தில் நிகழ்ந்தவற்றோடு ஒப்பிட்டால் கம்பெனியார் அக்காலத்துச் செய்தவை சிலவே. அவர்களும் அதனை உணர்ந்தனர். 1895இல் டைம்லரும் மைபாக்கும் திரும்ப அழைக்கப்பட்டனர். மைபாக் தலைமைப் பொறிஞரானார்.

1897இல் அவர் முதற் குளிர்கருவியை அமைத்தார். நீர்த்தொட்டியொன்றின் ஊடே பல சிறு குழாய்களைச் செலுத்தி, அக்குழாய்களின் வழியே காற்று வீசிச் செல்லுமாறு வைத்தார். குழாயின் உள்ளே காற்று, வெளியே நீர். இது முன்னையவற்றினும் நன்று. ஆயினும் குழாய்கள் வட்டமானவையாதலின் அவற்றின் இடையே வெற்றிடம் மிகுதி. அங்கெல்லாம் நீர் நிரம்பி எடையைப் பெருக்கிற்று.

இந்நிலையில், 1900 மார்ச் 6ஆம் நாள் டைம்லர் இறந்தார். மைபாக்கின் துயரை நாமே உணர்ந்துகொள்ளலாம். அதே திங்கள் முடியுமுன் வேறொரு மரணமும் நிகழ்ந்தது. பிரெஞ்சு நாட்டு நீஸ் நகரில் எமில் எலினெக் என்றொரு செல்வர் வாழ்ந்தார். டைம்லர் கார்களை வாங்கி விற்பவர். பந்தய ஆசை மிக்கவர். தம் சிறுமகள் மெர்சிடிஸ் என்பவளின் பெயரால் பந்தயத்திற் கலந்துகொள்பவர். மார்ச் 30ஆம் நாள் நீஸை அடுத்த மலைப்பாதையில் நடந்த பந்தயத்தில் டைம்லர் கம்பெனியின் வண்டி மோதி, அதனை ஓட்டிய வில்ஹெல்ம் பவர் என்னும் தொழிலாளர் உயிரிழந்தார். வண்டி உயரமானது, குட்டையானது, முன்பாரம் மிக்கது. பந்தயத்தையே விட்டுவிடலாம் என்று கம்பெனியிற் பலர் கருதினர். எலினெக் ஒப்பவில்லை. வண்டியை நீட்டுங்கள், தாழ்த்துங்கள், எஞ்சினைப் பெரிதாக்கி எடையைக் குறையுங்கள் என்று வற்புறுத்தினார். முப்பத்தாறு கார்களை ஒருசேரக் கேட்டு, ஐந்தரை லட்சம் மார்க்கு மதிப்புள்ள உடன்படிக்கையும் செய்தார். புது எஞ்சினுக்குத் தம் மகள் பெயரை இட வேண்டும் என்பதும் அவர் விருப்பம்.

உற்ற நண்பரை இழந்து ஒருமாதங்கூட நிரம்பாத மைபாக் இப்பணியை ஏற்றார். அவ்வாண்டின் இறுதிக்குள் முடித்தார். டிசம்பர் 22ஆம் நாள் முதற் கார் எலினெக்குக்கு அனுப்பப்பட்டது.

அக்காரின் எஞ்சின் 35 குதிரைத்திறன் உடையது. கொள்ளளவு ஏறக்குறைய ஆறு லிட்டர். இத்துணைப் பெரிய எஞ்சினுக்குப் பழைய குளிர்கருவி போதாது. பெரிதாக்கினால் எடை கூடும். மைபாக் செய்தது யாதெனின், வட்டக் குழாய்களை விடுத்துச் சதுரக் குழாய்களைக் கொண்டார். பக்கத்துக்கு 6 மில்லிமீட்டர் உள்ள குறுகிய சதுரக் குழாய்கள், எண்ணிக்கை 8,070. அவற்றை நெருங்க அடுக்கி, மெல்லிய இடைவெளி விட்டுப் பற்றுவைத்து இணைத்தார். இடைவெளியில் நீர்; குழாயினுள் காற்று. முன்னின்று பார்ப்போர்க்கு அது தேனடை போலத் தோன்றிற்று. ஆதலின் தேன்கூட்டு ரேடியேட்டர் எனப் பெயர் பெற்றது. வண்டி மெல்லச் செல்லும்போதும் காற்று இழுபடுமாறு பின்னே ஒரு விசிறியும் வைத்தார்.

இதனால் வந்த ஆதாயத்தைத் தாளிலும் எழுதுகோலிலுமே காணலாம். பக்கத்துக்கு 60 மில்லிமீட்டர் உள்ள ஒரு சதுரத் துளையின் சுற்றளவு 240 மில்லிமீட்டர். அதே இடத்தை 6 மில்லிமீட்டர்ச் சதுரங்களாகப் பகுத்தால் நூறு துளைகள். ஒவ்வொன்றின் சுற்றளவு 24. ஆக 2,400 மில்லிமீட்டர். சுவரின் கனத்தை நீக்கிப் பார்த்தால், இடம் பெருகாமலே காற்றுப்படும் பரப்புப் பதின்மடங்காயிற்று. சுமக்க வேண்டிய நீரோ பழைய கருவிக்கு வேண்டியதில் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. எடை தாழ்ந்தது, எஞ்சின் அஞ்சாமல் முழுவலிமையோடு நெடுநேரம் ஓடலாயிற்று.

1901 மார்ச்சுத் திங்களில் நீஸ் நகரப் பந்தயங்களில் அக்கார் ஏனையவற்றையெல்லாம் பின்னே விட்டது. ஐரோப்பா முழுதும் பிற கம்பெனியார் அதனைப் பார்த்துத் தம் கார்களைத் திருத்தினர். முன்னே ரேடியேட்டர், அதன்பின் எஞ்சின், அதன்பின் மனிதர், தாழ்ந்து நீண்ட உடல் என நாம் இன்று கார் என்றவுடன் நினைக்கும் உருவம் அன்று பிறந்ததே. பிரெஞ்சுக்காரர் மைபாக்குக்குப் பொறியமைப்போரின் அரசர் என்ற பட்டம் சூட்டினர். காருக்கோ பதினோரு வயதுச் சிறுமியின் பெயர் சூட்டப்பட்டது. இன்றளவும் அதுவே நிற்கிறது. மெர்சிடிஸ் என்னும் சொல்லை இராமேசுவரத்து வாடகைக்கார் ஓட்டுநரும் அறிவர். அதனை ஆக்கியவர் பெயரைக் கேட்டால் விழிப்பர்; சென்ற ஆண்டு யாமும் விழித்திருப்போம்.

அரசர் என்ற பட்டத்தால் அலுவலகத்தில் அவர் நிலை உயரவில்லை. டைம்லர் இல்லாத கம்பெனியில் மைபாக்குக்காகப் பேசுவார் இலர். உடல்நலமும் சிலகாலம் குன்றியிருந்தது. மேலோர் அவரைச் சிறிது சிறிதாக ஒதுக்கி, புதுப்பொருள் புனைவோர் அறை என்றொன்றை ஏற்படுத்தி அங்கு உட்காரவைத்தனர். அங்கிருந்தும் அவர் 1906இல் 120 குதிரைத்திறன் ஆறு சிலிண்டர்ப் பந்தய எஞ்சின் ஒன்றை அமைத்தார். 1907இல் விலகிவிட்டார், வயது அறுபத்தொன்று. அவர் இடத்துக்கு வந்தவர் டைம்லரின் மகன் பால் டைம்லர். தந்தையின் உயிர்த்தோழர் வெளியேற மகன் அவ்விடத்தில் அமர்ந்தது படிக்குங்கால் எமக்கு உவப்பாயில்லை. ஆனால் பாலும் திறமையற்றவரல்லர் என்பதை நேர்மையோடு சொல்லவேண்டும். அவரைப் பற்றிப் பின்னர் வரும்.

1908 ஆகஸ்ட்டில் ஸெப்பெலின் பிரபுவின் ஆகாயக் கப்பல் எஞ்சின் கோளாற்றால் எக்டர்டிங்கன் என்னும் ஊரருகே தரையிறங்கி, புயற்காற்றில் அகப்பட்டுத் தீப்பற்றி அழிந்தது. மைபாக் பிரபுவுக்குக் கடிதம் எழுதி, தம் மகன் கார்ல் ஆகாயக் கப்பலுக்கென்றே நல்ல எஞ்சின் அமைக்கவல்லான் எனத் தெரிவித்தார். 1909இல் அதற்கெனத் தனிக் கம்பெனி தோன்றிற்று. மகன் வரைய, தந்தை ஆலோசனை கூறினார். பத்து வயதில் தந்தையை இழந்தவர் அறுபத்துமூன்றாம் வயதில் தம் மகனுக்கு அருகே ஒரு நாற்காலியை இட்டு அமர்ந்தார்.

வானில் உயரச் செல்லுந்தோறும் காற்று மெலியும். எஞ்சினின் திறனுங் குறையும். அக்குறையை நீக்கக் காற்றை இயந்திரத்தால் அமுக்கிச் சிலிண்டருக்குள் செலுத்தலாம். இதற்கு உரிய கருவியே சூப்பர்சார்ஜர். முன்கூட்டி அமுக்கும் எண்ணத்தைக் காட்லீப் டைம்லர் 1885இலேயே காப்புரிமையில் எழுதியிருந்தார். அவருடைய மகன் பால் டைம்லர் அதனை மோட்டார்க் காருக்குக் கொணர்ந்தார். 1921இல் பெர்லின் கண்காட்சியில் அத்தகைய மெர்சிடிஸ் கார்கள் வைக்கப்பட்டன.

சூப்பர்சார்ஜர் வந்ததும் பழைய பகையாகிய சூடு இருமடங்காய்த் திரும்பிற்று. முதலாவது, எண்ணெய் மிகுதியாய் எரிவதால் சிலிண்டரின் சூடு மிகும். இரண்டாவது, அமுக்கப்பட்ட காற்றே சூடேறும். 35 பாகைக் காற்றை ஒன்றரை மடங்கு அமுக்கினால் அது 70 பாகையைத் தாண்டும். சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பம்பின் அடிப்பாகத்தைத் தொட்டுப் பார்த்தோர் இதனை அறிவர். சூடேறிய காற்று சிலிண்டரினுட் சென்றால் பெட்ரோல் காலத்துக்கு முன்னரே வெடித்துப் பிஸ்டனைத் துளைத்துவிடும். ஆதலின் இன்று வலிமை கூட்டிய கார்களை வைத்திருப்போர் அடுத்தடுத்துக் குளிர்கருவிகளைச் சேர்க்கின்றனர். அமுக்கிய காற்றுக்கு ஒன்று, எஞ்சின் எண்ணெய்க்கு ஒன்று, நீருக்குக் கனத்த அலுமினிய ரேடியேட்டர், மின்விசிறி இரண்டு. மூடியையும் அழுத்தந் தாங்கும் வில்லோடு அமைக்கின்றனர். மூடி ஒரு வளிமண்டல அளவு அழுத்தம் தாங்கினால் உள்ளிருக்கும் நீர் 100 பாகையிற் கொதியாது 120 பாகை வரை பொறுக்கும். மண்டபத்துச் சாலையில் எம் ஓட்டுநர் கந்தைத்துணியோடு காத்திருந்த காரணமும் இதுவே. சூடாயிருக்கும்போது மூடியைத் திறந்தால் அடங்கியிருந்த நீர் அக்கணமே ஆவியாய்ச் சீறி முகத்தை வேகவைத்துவிடும். இத்தனைக் கருவிகளுக்கும் அடிப்படை ஒன்றே: சிறிய இடத்தில் பெரிய பரப்பை மடித்து வைத்தல்.

மைபாக்கின் தேனடையே இன்றும் நம் வண்டிகளில் உள்ளதென்று எண்ணிவிடலாகாது. ஆயிரக்கணக்கான பற்றுகளை வைத்துச் செய்வது பெருஞ்செலவு. ஆதலின் பின்வந்தோர் நீரைத் தட்டையான குழாய்களில் ஓடவிட்டு, இடையிடையே மடித்த மெல்லிய தகடுகளைப் பொருத்தினர். நம் பேருந்தில் யாம் கண்ட கண்கள் அத்தகடுகளின் மடிப்புகளே. கடலில் நிலைமை வேறு. படகுகளுக்குக் குளிர்ந்த நீர் அடியிலேயே எல்லையின்றிக் கிடக்கிறது. ஆனால் உப்புநீரை எஞ்சினுள் நேரே விட்டால் இரும்பை அரிக்கும். சூடு மிகுந்தால் உப்புப் படியும். அதனால் நன்னீரை உள்ளே சுழலவிட்டு, அந்நன்னீரைக் கடல்நீரால் குளிர்விக்கும் முறையும் உண்டு.

முதல் உலகப் போருக்குப் பின் கார்ல் மைபாக் தம் குடும்பப் பெயராலேயே கார்கள் செய்யலானார். முதற் கார் 1921இல் வெளிவந்தது. தந்தையின் பெயர் இறுதியில் ஒரு காரின் முகப்பில் ஏறிற்று. ஸ்டுட்கார்ட் தொழில்நுட்பக் கல்லூரி, கல்லூரியிற் பயிலாத அம்முதியவருக்கு 1916இல் டாக்டர் பட்டம் அளித்திருந்தது. 1929 ஆகஸ்ட்டில் கிராஃப் ஸெப்பெலின் என்னும் ஆகாயக் கப்பல் உலகத்தை ஒருமுறை வலம் வந்தது. அதனை உந்திச் சென்றவை ஐந்து மைபாக் எஞ்சின்கள். அச்செய்தியைக் கேட்க அவர் இருந்தார். அவ்வாண்டு டிசம்பர் 29ஆம் நாள் எண்பத்து மூன்றாம் வயதில் காலமானார். கான்ஸ்டாட்டில் டைம்லர் அடங்கிய அதே கல்லறைத் தோட்டத்தில் அவரையும் அடக்கம் செய்தனர்.

இக்கட்டுரையை எழுதி முடித்தபின் மண்டபம் சென்று, எம் சிறிய தந்தையாருக்கு வாசித்துக் காட்டினோம். படகின் எஞ்சினைக் கழற்றிப் போட்டுக்கொண்டே கேட்டார். அனாதை இல்லத்துப் பகுதியை வாசிக்கையில் கைவேலையை நிறுத்தினார். பெயரை இருமுறை சொல்லச் சொல்லி, தாமும் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். எல்லாம் முடிந்தபின், எண்ணாயிரத்து எழுபது குழாயில் ஒரு பற்று விட்டு ஒழுகினால் அது எந்தக் குழாய் என்று அந்த மனிதர் எப்படிக் கண்டுபிடித்திருப்பார் என்று கேட்டார். எமக்கு விடை தோன்றவில்லை. அவரே சற்று நேரம் யோசித்து, வாய்களையெல்லாம் அடைத்து, உள்ளே காற்றேற்றி, தொட்டிநீரில் அமிழ்த்தினால் குமிழி வரும் இடத்தைப் பார்த்துவிடலாம் என்று சொல்லிவிட்டு, மறுபடி எஞ்சினிடம் குனிந்தார்.